வாசித்து அறிந்த பிரான்ஸ்

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதன் சாரம் இது. பதினைந்து ஆண்டுகளாக அவர் பிரெஞ்சு மக்களின் வாழ்க்கை, உணவு, ஊர், பழக்கவழக்கம் ஆகியவற்றைப் பற்றிய நூல்களைத் தேடித் தேடிப் படித்து வருகிறார். பெரும்பாலானவை ஆங்கிலத்தில், சில தமிழில். அவருக்குப் பிரெஞ்சு மொழி தெரியாது; பிரான்ஸுக்குப் போனதும் இல்லை. ‘போகாத ஊருக்கு வழி தேடுகிறாய்’ என்று வீட்டில் சொல்கிறார்களாம். இந்த நூல்களை எந்த அளவுக்கு நம்பலாம், இனி எதைப் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறார். நூற்பட்டியல் மட்டுமே தேவை என்றால் பத்து வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன். ஆனால் கேள்விக்குள் வேறொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. படித்துப் படித்து மனத்துக்குள் எழுப்பிக்கொண்ட அந்த நாடு எங்கேனும் மெய்யாகவே இருக்கிறதா, அல்லது இத்தனை ஆண்டு அன்பும் ஒரு கற்பனைக்குச் செலவானதா என்பதே அவர் அறிய விரும்புவது.

நான் புதுச்சேரியில் முப்பத்தொரு ஆண்டுகள் பிரெஞ்சு கற்பித்தவன். 1980களில் இரண்டு ஆண்டுகள் லியோன் நகரில் தங்கிப் படித்தேன். அதன் பிறகு ஆறேழு முறை போய் வந்திருக்கிறேன். லியோனும் பாரிஸும் எனக்கு நேரில் பழக்கம். தெற்கில் சில ஊர்களை ஓரளவு அறிவேன். வடக்கே உள்ள சுரங்க ஊர்களையும் மேற்கே உள்ள மீனவக் கடற்கரையையும் உங்களைப் போல நானும் நூல்களின் வழியாகவே அறிந்தவன். கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த புதிய நாவல்களில் நான் படித்தவை குறைவு. நான் சொல்வதை இந்த எல்லைகளோடு சேர்த்து வாசிக்க வேண்டுகிறேன்.

முதலில் உங்கள் வீட்டார் சொன்னதற்கு ஒரு பதில். புத்தகம் படித்துப் பாரிஸின் மேல் ஆசை கொண்டவர்களில் மிகப் புகழ்பெற்றவள் ஒரு பிரெஞ்சுக்காரிதான். 1857இல் ஃப்ளோபேர் வெளியிட்ட ‘மதாம் பொவாரி’ நாவலில், நார்மண்டியின் ஒரு சிற்றூரில் மருத்துவரின் மனைவியாக வாழும் எம்மா, பாரிஸ் நகரின் வரைபடம் ஒன்றை விலைக்கு வாங்குகிறாள். அதை விரித்து வைத்துக்கொண்டு, விரல் நுனியால் தெருத்தெருவாக நடக்கிறாள், முனைகளில் நிற்கிறாள், களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொள்கிறாள். நாகரிக இதழ்களுக்குச் சந்தா கட்டி, நாடக அரங்கேற்றங்களையும் விருந்துகளையும் பற்றி ஒரு வரி விடாமல் படிக்கிறாள். ஃப்ளோபேர் இதை அவளுடைய வீழ்ச்சியின் தொடக்கமாக எழுதினார் என்பது உண்மை. ஆனாலும், பாரிஸ் என்பது பிரெஞ்சுக்காரர்களில் பெரும்பாலோருக்கே வாசித்து அறிந்த ஊராகத்தான் இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பக்கம் எனக்குத் தெரியாது. ஆகையால் தொலைவிலிருந்து படிப்பதே உங்களை அந்த நாட்டுக்கு அந்நியராக்கிவிடும் என்று நான் கருதவில்லை. எதைப் படிக்கிறோம் என்பதுதான் வேறுபாட்டை உண்டாக்குகிறது.

நீங்கள் குறிப்பிட்டிருக்கும் நூல்களில் பெரும்பாலானவை, வெளிநாட்டிலிருந்து போய்ச் சில ஆண்டுகள் தங்கியவர்கள் எழுதியவை. அவற்றை நான் இகழ மாட்டேன். ஆங்கிலேயரான பீட்டர் மெய்ல், பிரான்ஸின் தெற்குப் பகுதியான ப்ரொவான்ஸைப் பற்றி 1989இல் வெளியிட்ட நூல், மாதத்துக்கு ஓர் அத்தியாயமாக ஓர் ஆண்டைச் சொல்வது. லுபெரோன் மலைப்பகுதியின் குளிர்காற்றையும் கொத்தனார்களின் வாக்குறுதிகளையும் நன்றாகவே காட்டுகிறது. அமெரிக்கச் சமையல் நூலாசிரியர் ஜூலியா சைல்ட் தம் நினைவுநூலில், 1948இல் பிரான்ஸில் இறங்கியதும் ரூவான் நகரில் வெண்ணெயில் பொரித்த மீனை முதன்முதலாகச் சுவைத்ததை எழுதியிருப்பதைப் படித்தவர் மறக்க முடியாது. ஆனால் இவர்கள் காட்டுவது பெரும்பாலும் விடுமுறை நாள் பிரான்ஸ். அதில் சோறு உண்டு, சமைத்தவரின் மாதச் சம்பளம் இல்லை. வீடு உண்டு, வாடகைக் கவலை இல்லை. அண்டைவீட்டார் உண்டு, அவர்களுடைய பிள்ளை பள்ளியில் தேறாமல் போனது இல்லை. வேலைநாள் பிரான்ஸைக் காண, அங்கே பிறந்து, அங்கே வரி கட்டி, அங்கேயே பெற்றோரை அடக்கம் செய்தவர்கள் எழுதியதைத்தான் நாட வேண்டும்.

விருந்தினர் எழுதியவற்றிலும் தரம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஹெமிங்வே 1920களின் பாரிஸைப் பற்றி எழுதிய நினைவுநூல், அவர் இறந்த பின் 1964இல் வெளிவந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டு இடைவெளியில், நினைவிலிருந்து எழுதியது. 2009இல் அவருடைய பேரன் வேறு விதமாகத் தொகுத்து ஒரு பதிப்பும் கொண்டுவந்தார். தெருக்கள், காப்பிக்கடைகள், குளிர் ஆகியவற்றில் அதை நம்பலாம். அதில் அடிக்கடி வரும் பசியை மட்டும் சற்று நிதானித்தே ஏற்க வேண்டும். அவருடைய மனைவிக்குக் குடும்பச் சொத்திலிருந்து நிலையான வருமானம் வந்துகொண்டிருந்தது. ஜார்ஜ் ஆர்வெல் 1933இல் வெளியிட்ட நூல் வேறு வகை. பாரிஸ் ஓட்டலின் நிலவறைச் சமையலறையில் தட்டு கழுவிய அனுபவத்தைச் சொல்லும் அந்தப் பக்கங்களில், உணவுக்கூடத்தின் பளபளப்புக்கும் கதவுக்கு மறுபுறத்து அழுக்குக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு கதவுதான். பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில், நிகழ்ச்சிகளை நடந்த வரிசையிலேயே சொல்லவில்லை என்பதையும், எல்லா எழுத்தாளரும் தேர்ந்தெடுப்பதன் வழியாக மிகைப்படுத்துவதைத் தவிர வேறு மிகை தம் நூலில் இல்லை என்பதையும் அவரே சொல்லிவிட்டார். விருந்தினர் நூல்களில் நான் மாணவர்களிடம் தயங்காமல் கொடுத்தது இது ஒன்றைத்தான்.

நான் அறவே ஒதுக்கச் சொல்வது மூன்றாவது வகையை. பிரெஞ்சுப் பெண்கள் பருமனாவதில்லை, பிரெஞ்சுக் குழந்தைகள் அடம்பிடிப்பதில்லை, பிரெஞ்சுக்காரர்களுக்குக் காதல் கைவந்த கலை என்று ஒரு தேசத்தையே ஒரு வரிக்குள் அடைக்கும் நூல்கள் அவை. பாரிஸின் வசதியான ஓரிரு வட்டாரங்களில் பத்துக் குடும்பங்களைப் பார்த்துவிட்டு ஆறரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்களைப் பற்றி எழுதப்படுபவை. லியோனில் நான் குடியிருந்த மாடிக்கு மேல்மாடியில் இருந்த சிறுவன், இரவு ஒன்பது மணிக்கு மேல் அடம்பிடித்து அழாத நாளை நான் அறியேன்.

சரி, மெய்யான வாழ்க்கை எங்கே தட்டுப்படுகிறது? என் அனுபவத்தில், ரொட்டியைப் பின்தொடர்ந்து போனால் தட்டுப்படும். லியோனில் நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான மூதாட்டி, மேசையில் யாராவது ரொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டால் பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு, கை நீட்டி அதை நிமிர்த்தி வைப்பார். புது ரொட்டியை அறுக்கும் முன் கத்தி முனையால் அதன் அடிப்பக்கத்தில் சிலுவைக்குறி ஒன்றைக் கீறுவார். ரொட்டியைக் கவிழ்த்து வைத்தால் தீமை என்ற நம்பிக்கை அங்கே பரவலாக உண்டு, இது உறுதி. அந்தக் காலத்தில் ரொட்டிக்கடைக்காரர், மரண தண்டனையை நிறைவேற்றுபவனாக ஊரார் வெறுத்த ஆளுக்கு உரிய ரொட்டியைத் தனியே அடையாளம் தெரியும்படி கவிழ்த்து வைப்பார், அதிலிருந்து வந்தது இந்த வழக்கம் என்று அவர் சொன்ன காரணமும் பரவலாகச் சொல்லப்படுவதே. ஆனால் அதைக் கதை என்ற அளவில் மட்டுமே ஏற்க வேண்டும். இதே போன்றதுதான், ரொட்டி இல்லையென்றால் இனிப்புப் பண்டம் தின்னட்டும் என்று அரசி மரி அந்துவானெத் சொன்னதாக உலகமே நம்பும் செய்தியும். ரூசோ அதை யாரோ ஒரு பெரிய இளவரசியின் வாக்காக எழுதி வைத்தபோது மரி அந்துவானெத் பிரான்ஸுக்கு வந்திருக்கவே இல்லை. அவர் வந்தது 1770இல். ஆனால் 1789 அக்டோபர் 5 அன்று பாரிஸின் சந்தைப் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய் அரண்மனைக்கு நடந்தார்கள் என்பதும், மறுநாள் அரச குடும்பத்தைப் பாரிஸுக்கு அழைத்து வந்தார்கள் என்பதும் வரலாறு.

இந்தப் பின்னணி தெரிந்த பிறகு நாவல்களைத் திறந்தால், அதே ரொட்டி வேறு எடையோடு இருக்கும். விக்தர் யூகோவின் 1862ஆம் ஆண்டு நாவலில் ழான் வல்ழான் ஒரு ரொட்டியைத் திருடி ஐந்தாண்டுத் தண்டனை பெறுவதும், தப்பிக்க முயன்று முயன்று அது பத்தொன்பது ஆண்டுகளாக நீள்வதும் தமிழர்களுக்கு முன்பே அறிமுகம்; சுத்தானந்த பாரதியார் அதை ‘ஏழை படும் பாடு’ என்று தமிழாக்கினார், 1950இல் திரைப்படமாகவும் வந்தது. இன்றைய ரொட்டிக்கும் சட்டம் உண்டு. 1993 செப்டம்பரில் வந்த அரசாணைப்படி, ‘பிரெஞ்சு மரபு ரொட்டி’ என்ற பெயரில் விற்பதில் உணவுச் சேர்க்கைப்பொருள் எதையும் கலக்கக் கூடாது. தயாரிப்பின் எந்த நிலையிலும் உறையவைக்கவும் கூடாது. 1998 முதல், மாவு பிசைவதிலிருந்து சுடுவது வரை அந்த இடத்திலேயே செய்பவர் மட்டுமே தம் கடைப் பலகையில் ‘பூலான்ழெரி’, அதாவது ரொட்டிக்கடை, என்று எழுதலாம். 2022இல் பகெத் என்னும் நீண்ட ரொட்டியின் கைத்திறனை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சுற்றுலா நூல்கள் கடைசிச் செய்தியை மட்டும் சொல்லி மகிழ்கின்றன. ஆலை ரொட்டியும் உறைமாவு ரொட்டியும் அந்நாட்டுச் சந்தையை நிறைத்ததால்தான் அந்தச் சட்டங்கள் தேவைப்பட்டன என்ற செய்தி அவற்றில் அரிதாகவே இருக்கும்.

ரொட்டியைப் போலவே சர்க்கரையும். பால்சாக்கின் ‘யூஜெனி கிராந்தே’ (1833) என்னும் நாவலில், சொமூர் என்ற சிற்றூரில் பெரும் செல்வந்தனான கிராந்தே, நவம்பர் முதல் நாளுக்கு முன் கூடத்தில் குளிர்காய நெருப்பு மூட்ட விடமாட்டான். மார்ச் 31 அன்று அணைத்துவிடச் சொல்வான். அன்றன்றைக்கு வேண்டிய ரொட்டியையும் சர்க்கரையையும் தன் கையாலேயே அளந்து கொடுப்பான். பாரிஸிலிருந்து வந்த இளைஞன் காப்பியைச் சுவைத்துவிட்டுச் சர்க்கரையைத் தேடுகிறான். கிராந்தே அதை ஏற்கெனவே எடுத்து உள்ளே வைத்துவிட்டான். மகள் யூஜெனி எழுந்து போய், அந்தச் சர்க்கரைத் தட்டை எடுத்துவந்து, தந்தையின் முகத்தை அமைதியாகப் பார்த்தபடியே மேசையில் வைக்கிறாள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. இதை வெறும் கஞ்சத்தனம் என்று படித்துவிட்டுப் போகலாம். ஆனால் நெப்போலியன் ஆட்சியின் முற்றுகைக் காலத்தில் குடியேற்ற நாடுகளிலிருந்து வரும் சர்க்கரைக்குப் பெரும் தட்டுப்பாடு இருந்தது. விலை இறங்கிய பின்னும் கிராந்தேயின் கணக்கில் அது ஒரு பவுண்டு ஆறு பிராங்காகவே நின்றுவிட்டது என்று பால்சாக் ஒரு வரி எழுதுகிறார். ஒரு போரும் ஒரு பேரரசும் சர்க்கரைக் கிண்ணத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. பஞ்சகாலத்தைக் கண்ட பாட்டிமார் அரிசிப் பானைக்குக் காவல் இருந்ததை அறிந்த நம் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ப்ரொவான்ஸின் மேல் உங்களுக்குத் தனி ஈடுபாடு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால், தாமதிக்காமல் மர்செல் பஞோலின் சிறுவயது நினைவுநூல்களை எடுங்கள். முதல் பகுதி 1957இல் வந்தது. பஞோல் 1895இல் ஒபாஞ் என்ற ஊரில் பிறந்தவர். அவருடைய தந்தை அரசுப் பள்ளி ஆசிரியர். மர்செய் நகரிலிருந்து மலையடிவாரத்து விடுமுறை வீட்டுக்குப் போக, குடும்பம் மூட்டை முடிச்சுகளோடு நெடுந்தொலைவு சுற்றி நடக்க வேண்டும். தந்தையின் பழைய மாணவர் ஒருவர் நகரின் வாய்க்கால் கண்காணிப்பு வேலையில் இருக்கிறார். பெரிய மனிதர்களின் தோட்டங்களுக்குள் ஓடும் அந்த வாய்க்காலின் கரையோரமாகவே நடந்தால் தொலைவு வெகுவாகக் குறையும் என்று சொல்லி, கதவுகளைத் திறக்க ஒரு சாவியைக் கொடுக்கிறார். பிறர் நிலத்தில் அனுமதியின்றி நடப்பது அந்த ஆசிரியருக்குக் கூசுகிறது. ஆனால் நடந்து களைத்த மனைவியின் முகத்தைப் பார்த்துச் சாவியை வாங்கிக்கொள்கிறார். ஒவ்வொரு கதவையும் திறக்கும்போது அம்மாவின் முகம் வெளிறுகிறது. கடைசித் தோட்டத்தின் கதவில் ஒரு நாள் சங்கிலியும் பூட்டும் தொங்குகின்றன. காவல்காரன் நாயோடு வந்து நின்று, மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, மேலிடத்துக்கு எழுதப்போவதாக மிரட்டுகிறான். ஒரு தந்தை தன் பிள்ளைகளின் கண்முன் தலைகுனிந்து நிற்கும் அந்தப் பக்கங்களை வகுப்பில் முப்பது ஆண்டு வாசித்தும், ஒரு முறைகூடக் குரல் கம்மாமல் நான் முடித்ததில்லை.

அந்த அச்சம் ஏன் அவ்வளவு பெரிது என்பதை அறிய, அந்த ஆசிரியர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். 1881, 1882 ஆண்டுகளில் ழூல் ஃபெர்ரி கொண்டுவந்த சட்டங்கள் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் சமயச் சார்பற்றதாகவும் ஆக்கின. ஊர்ப் பாதிரியாருக்கு எதிர்நிலையில் குடியரசு நிறுத்தி வைத்த மனிதர் பள்ளி ஆசிரியர். அவருடைய சொத்து அவருடைய நேர்மை ஒன்றுதான். அதில் ஒரு கீறல் விழுந்தால் வேலையோடு வாழ்க்கையின் பொருளும் போய்விடும். அதே சட்டம் சமயக் கல்வியைப் பள்ளிக்கு வெளியே வைத்துக்கொள்ள வாரத்தில் ஒரு நாளை விட்டுவைத்தது. அது நெடுங்காலம் வியாழக்கிழமையாக இருந்து, 1972இல் புதன்கிழமைக்கு மாறியது. பழைய நூல்களில் பிள்ளைகள் வியாழன்தோறும் விளையாடப் போவார்கள். பஞோலையும் அவருடைய ரோஸ் பெரியம்மா வியாழனிலும் ஞாயிறிலும்தான் டிராமில் பொரெலி பூங்காவுக்கு அழைத்துப் போவார். மொழிபெயர்ப்பில் படிக்கும் ஒருவர் அந்த வியாழனைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார். அதற்குள்ளே திருச்சபைக்கும் அரசுக்கும் நடந்த நீண்ட வழக்கு ஒன்று இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னேன் என்பதற்காக, நாவலில் இருப்பது அப்படியே இன்றும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எமில் ஸோலா 1873இல் எழுதிய நாவலில் மலைமலையாய்க் குவிந்து கிடக்கும் பாரிஸின் மத்தியச் சந்தை 1969இல் நகருக்கு வெளியே ருஞ்ஜிஸ் என்ற இடத்துக்குப் போய்விட்டது. பழைய இரும்புக் கூடங்களை 1971இல் இடிக்கத் தொடங்கினார்கள். ஜார்ஜ் சிம்னோனின் மெக்ரே துப்பறியும் கதைகள், பாரிஸின் மாடிப்படி, கணப்பு, கட்டடக் காவல்காரி, தெருமுனை மதுக்கடை ஆகியவற்றைக் கற்றுக்கொள்ள மிகச் சிறந்த பாடநூல் என்று நான் உறுதியாகச் சொல்வேன். அவற்றை எழுதியவர் பெல்ஜியத்தின் லியெழ் நகரத்தவர் என்பதையும் நினைவில் வைக்கலாம். ஆனால் மெக்ரேயின் அலுவலகம் இருந்த ஆற்றங்கரைக் கட்டடத்திலிருந்து குற்றப்பிரிவு 2017இல் வேறிடம் போய்விட்டது. புகை சூழ்ந்த காப்பிக்கடை 2008 ஜனவரி முதல் நாளோடு சட்டப்படி முடிந்தது. வாயிலில் உட்கார்ந்திருக்கும் காவல்காரியின் இடத்தை எண்பூட்டு எடுத்துக்கொண்டு வருகிறது. ஆகஸ்டில் கடைகள் மூடிக் கிடப்பது மட்டும் இன்றும் நீங்கள் படித்தபடியே இருக்கும். அதுவும் தொன்றுதொட்டு வந்த பழக்கம் அன்று. ஊதியத்துடன் கூடிய விடுப்பு எல்லாத் தொழிலாளருக்கும் 1936இல் இரண்டு வாரமாகத் தொடங்கி, 1982இல் ஐந்து வாரமானதன் விளைவு அது.

உயிரோடிருப்பவர்களில் நான் முதலில் வைப்பது அன்னி எர்னோவை. 1940இல் பிறந்தவர்; நார்மண்டியின் இவ்தோ என்ற ஊரில் பெற்றோர் நடத்திய காப்பிக்கடையும் மளிகைக்கடையும் சேர்ந்த வீட்டில் வளர்ந்தவர்; 2022இல் நோபல் பரிசு பெற்றார். தந்தையைப் பற்றி 1983இல் அவர் எழுதிய ‘இடம்’ என்ற சிறு நூலை ஒரே மாலையில் படித்துவிடலாம். அந்தத் தந்தை சாப்பிடுவதற்கு மடக்குக் கத்தி ஒன்றைத் தவிர வேறெதையும் பயன்படுத்துவதில்லை. ரொட்டியைச் சிறு சதுரங்களாக நறுக்கித் தட்டின் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். ஒரு முறை இரண்டாம் வகுப்புச் சீட்டோடு தவறுதலாக முதல் வகுப்பில் ஏறி, பரிசோதகரிடம் கூடுதல் கட்டணம் கட்டி அவமானப்படுகிறார். இன்னொரு முறை பத்திரம் எழுதும் அலுவலரின் முன், ‘படித்து ஏற்றுக்கொண்டேன்’ என்ற வாசகத்தைத் தம் கையால் எழுத வேண்டியிருக்கிறது. எழுத்து தெரியாமல், அதே ஒலியுள்ள வேறொரு சொல்லை எழுதிவிட்டு, வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பிழையையே நினைத்துப் புழுங்குகிறார். சுற்றுலா நூல்கள் கொண்டாடும் பிரெஞ்சு நாகரிகம், அந்நாட்டு மக்களில் பாதிப் பேருக்கு எப்படி ஒரு தேர்வு மண்டபமாக இருந்தது என்பது இந்த நூறு பக்கத்தில் இருக்கிறது.

இனி, தமிழ் வாசகர் என்ற முறையில் உங்களுக்கு உள்ள ஒரு வசதியைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் ‘நீ’யும் ‘நீங்க’ளும் தனித்தனி, ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்று. இரண்டு பேர் ‘நீங்க’ளிலிருந்து ‘நீ’க்கு மாறும் அந்த நொடி பிரெஞ்சு நாவலில் ஒரு திருப்பம்; ஆங்கில மொழிபெயர்ப்பில் அது காணாமற்போகிறது. ‘குட்டி இளவரசன்’ கதையில் பாலைவனத்தில் தோன்றும் சிறுவன், மரியாதைச் சொல்லால் ‘தயவுசெய்து’ என்று தொடங்கி, அடுத்த மூச்சிலேயே ஒருமையில் ஆட்டுக்குட்டி வரைந்து தரச் சொல்கிறான். மூலத்தில் அந்த ஒரு வரியிலேயே குழந்தையின் முழுக் குணமும் வந்துவிடுகிறது. தமிழில் இதைச் சொல்ல நமக்குச் சொல் இருக்கிறது. எனினும் இரண்டு மொழிகளின் மரியாதையும் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்திவிடாது. பிரெஞ்சுத் தம்பதி இருவரும் ஒருவரையொருவர் நீ என்பார்கள், பழைய மேட்டுக்குடியில் இருவருமே நீங்கள் என்பார்கள். நம் வீடுகளில் மனைவி நீங்கள் என்றும் கணவன் நீ என்றும் சொன்னது போன்ற ஏற்றத்தாழ்வு அந்த வழக்கில் இல்லை. இதை மனத்தில் கொண்டு, பிரெஞ்சிலிருந்தே நேராகத் தமிழுக்கு வந்தவற்றை முதலில் தேடிப் படியுங்கள். வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்த, ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ அவற்றில் ஒன்று. ஆனால் அந்த நாவல் நடப்பது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸ் நகரில். அங்கே சுட்டுக் கொல்லப்படும் அராபியருக்கு நாவலில் பெயரே கிடையாது. 1830 முதல் 1962 வரை பிரெஞ்சு வாழ்க்கையின் ஒரு பெரும் பகுதி பிறர் மண்ணில் நடந்தது. புதுச்சேரிக்காரனான எனக்கு அதை மறந்துவிட்டுப் படிக்க இயலாது.

இன்னொரு பிரான்ஸ் தமிழிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1980களிலிருந்து பாரிஸில் அடைக்கலம் புகுந்த ஈழத்தமிழர்கள் அங்கிருந்தே ‘எக்ஸில்’, ‘உயிர்நிழல்’ போன்ற இதழ்களை நடத்தினார்கள்; ஷோபாசக்தியின் கதைகளில் அந்த நகரத்தின் அகதி விண்ணப்பமும் உணவகச் சமையலறையும் லா சப்பல் தெருக்களும் வருகின்றன. ஆர்வெல் தட்டு கழுவிய நிலவறையில் அறுபது ஆண்டுகள் கழித்து நின்றவர்கள் அதை ‘கோப்பை கழுவுதல்’ என்று எழுதினார்கள். பிரெஞ்சுப் பண்பாடு என்ற தலைப்பில் எந்தப் புத்தகக் கடையும் இவற்றை அடுக்கி வைக்காது. நான் அடுக்கி வைப்பேன்.

அடுத்து என்ன படிப்பது என்பதற்கு: பஞோல், பிறகு எர்னோ, பிறகு மெக்ரே கதைகளில் எது கிடைத்தாலும் இரண்டு மூன்று, அதன் பிறகு பால்சாக்கும் ஃப்ளோபேரும். மர்செல் ப்ரூஸ்தின் ஏழு பகுதி நாவலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் தொடக்கத்தில் வரும், தேநீரில் நனைத்த கேக்குத் துண்டை மட்டும் தெரிந்துகொண்டு அதை மூடிவிடுபவர்கள் அதிகம். முன்வரைவுகளில் அது கேக்கே அன்று, வெறும் வாட்டிய ரொட்டி.

மொழியைக் கற்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். பிரெஞ்சு கற்பவர்கள் நூல் படிக்கப் போய்த் திகைத்து நிற்பது பெரும்பாலும் ஓர் இறந்தகால வினைவடிவத்தால்தான். அது பேச்சில் வராது, எழுத்தில் மட்டும் வரும், வகுப்புகளில் கடைசியாகவே கற்பிக்கப்படும். அந்த வடிவத்தை ஏறக்குறைய முழுவதும் தவிர்த்து, பேச்சுக்குரிய இறந்தகாலத்திலேயே எழுதப்பட்ட நல்ல நூல்கள் மூன்று உண்டு: ‘அந்நியன்’, ‘குட்டி நிக்கோலா’ கதைகள், எர்னோவின் ‘இடம்’. ஒழுங்காக ஓர் ஆண்டு படித்தவர் அகராதியை வைத்துக்கொண்டு இவற்றுக்குள் நுழைந்துவிடலாம். எர்னோவின் தந்தை எழுத வேண்டியிருந்த சொல் ‘அப்ருவே’, ஏற்றுக்கொண்டது என்று பொருள். அவர் இரண்டாகப் பிரித்து எழுதியதும் ‘அ ப்ருவே’ என்றே ஒலிக்கும்; அதன் பொருள், நிரூபிக்கப்பட வேண்டியது. மொழிபெயர்ப்பில் இதற்கு ஓர் அடிக்குறிப்புதான் போட முடியும். மூலத்தில் அந்த வரியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இரண்டு சொற்களும் ஒரே ஒலியாகக் காதில் விழும்.